பழைய பைத்தான் ரிப்போவில் லின்டரைக் கொண்டுவருவது: ரஃப் வைத்து முழு வழிகாட்டி

லின்டர் என்பது கோடை ஓட்டாமலே படித்து, பிழைகளையும் குறைகளையும் சுட்டிக்காட்டும் கருவி. புது ரிப்போவில் (ஒரு புராஜெக்டின் கோடு இருக்கும் களஞ்சியத்தில்) அதைப் போடுவது ஐந்து நிமிட வேலை. பல வருடம் பல கை பட்ட ரிப்போவில் போடும்போதுதான் தலைவலி. முதல் ஓட்டத்திலேயே எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். பார்த்தவர் ஒன்று பயந்து மூடிவைத்துவிடுவார், இல்லையென்றால் ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஒரே கமாண்டில் திருத்திவிட்டு மறுநாள் மாட்டிக்கொள்வார். நான் இரண்டாவது ரகமாக இருந்து திருந்தியவன். அப்புறம் டீமில் புதிதாக வந்தவர்கள் இதைச் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இது பைத்தானுக்கும் ரஃப் கருவிக்கும் எழுதியது. ஃபிளேக்8, ஐசார்ட், பிளாக் என்று தனித்தனியாக ஓட்டிக்கொண்டிருந்த வேலையை ரஃப் ஒன்றே செய்துவிடுவதால் அதை எடுத்துக்கொண்டேன். கமாண்டுகளையும் விதி எண்களையும் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

கிட்டில் கமிட் ஆகாத மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. லின்டர் தொட்டது எது, நீங்கள் தொட்டது எது என்று டிஃப்பில் (மாறிய வரிகளின் பட்டியலில்) பிரித்துப் பார்க்க முடியாவிட்டால் எந்தத் திருத்தத்தையும் நம்பிச் சேர்க்க முடியாது.

ஓடுகிற டெஸ்ட் ஓரளவாவது வேண்டும். டெஸ்டே இல்லாத ரிப்போ என்றால் இந்த வழிகாட்டியில் 2, 3, 8 மட்டும் செய்யுங்கள், தானாகத் திருத்தும் பகுதியை (3-இல் இம்போர்ட் வரிசைப்படுத்துவதும் 8-இல் திருத்தும் தெரிவும் உட்பட) தொடாதீர்கள்.

ரஃப்பின் பதிப்பைத் துல்லியமாகப் பூட்டுங்கள். இன்னமும் பூஜ்யத்தில் தொடங்கும் பதிப்பு எண்களில்தான் அது வெளிவருகிறது. நடு எண் மாறும்போது விதிகளின் நடத்தையும் மாறலாம். பூட்டாமல் விட்டால் யாரும் ஒரு வரிகூட மாற்றாத நாளில் பில்டு சிவப்பாகும், ஏன் என்று அரை நாள் தேடுவீர்கள்.

கடைசியாக, சர்வரில் ஓடும் பைத்தான் பதிப்பு என்ன என்று தெரிந்துகொண்டு அதை பைபிராஜெக்ட் டாமல் ஃபைலில் ரிக்வயர்ஸ் பைத்தான் என்ற இடத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் ரஃப் தானே ஒரு பதிப்பை வைத்துக்கொள்ளும். யூபி என்று தொடங்கும் விதிகள் பழைய எழுத்துமுறையைப் புதியதாக மாற்றுபவை. 3.10-இல் வந்த, டைப்புகளுக்கு நடுவே செங்குத்துக்கோடு போடும் முறையை, 3.8 ஓடும் சர்வருக்கான கோடில் அவை நுழைத்துவிட்டால் புரொடக்‌ஷனில்தான் தெரியவரும்.

2. முதலில் எண்ணுங்கள், திருத்தாதீர்கள்

ரஃப் செக் கமாண்டை ஸ்டாடிஸ்டிக்ஸ் தெரிவோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு விதியிலும் எத்தனை மீறல் என்று பட்டியல் வரும். தானாகத் திருத்தக்கூடியவற்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். நாலாயிரம் எச்சரிக்கை என்றால் மலைப்பாக இருக்கும். அதில் பாதிக்கு மேல் பயன்படாத இம்போர்ட் என்று தெரிந்தால் மலைப்பு போய்விடும். அதற்காகத்தான் இந்தப் படி.

எண்ணிக்கை நம்பவே முடியாத அளவு பெரிதாக இருந்தால், எந்த ஃபோல்டர் என்று பாருங்கள். பல நேரம் டிஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க் தானாக உருவாக்கிய மைக்ரேஷன் ஃபைல்களோ, எப்போதோ நகலெடுத்துப் போட்ட வெளி லைப்ரரியோதான் காரணம். அவற்றை விலக்க எக்ஸ்டெண்ட் எக்ஸ்க்ளூட் என்ற அமைப்பைப் பயன்படுத்துங்கள். வெறும் எக்ஸ்க்ளூட் என்று எழுதினால், வெர்ச்சுவல் என்விரான்மென்ட் மாதிரி ஃபோல்டர்களைத் தானாக ஒதுக்கும் இயல்புப் பட்டியலையே அது அழித்து, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துக்கொள்ளும். விலக்கப் போய் கூட்டிவிட்ட கதை ஆகிவிடும்.

3. ஃபார்மேட்டைத் தனியாக முடித்துவிடுங்கள்

இடைவெளி, மேற்கோள்குறி, வரி உடைப்பு எல்லாம் ரஃப் ஃபார்மேட்டின் பொறுப்பு. இதை லின்ட் திருத்தங்களோடு ஒரே கமிட்டில் கலந்தால் ரிவியூ செய்பவருக்கு ஆயிரம் வரி மாறியது மட்டுமே தெரியும், நடுவில் இருக்கும் உண்மையான நான்கு மாற்றங்கள் கண்ணில் படாது. ஆகவே ஃபார்மேட் தனி பிராஞ்ச், தனி கமிட், வேறு எதுவும் அதில் இல்லை.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். திறந்திருக்கும் பிராஞ்ச் அனைத்திலும் இது மோதும். ரிலீஸ் முடிந்த மறுநாள் காலையில், டீமுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வெள்ளி மாலை வேண்டாம்.

மெயினில் சேர்ந்ததும் அந்தக் கமிட்டின் முழு 40 எழுத்து ஹேஷை (கமிட்டின் அடையாளக் குறியை), கிட் பிளேம் இக்னோர் ரெவ்ஸ் என்ற புள்ளியில் தொடங்கும் ஃபைலில் எழுதி, கிட் கான்ஃபிகில் பிளேம் டாட் இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் என்ற அமைப்பில் அந்த ஃபைலின் பெயரைக் கொடுங்கள். இல்லாவிட்டால் எந்த வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று பிளேமில் பார்த்தாலும் உங்கள் பெயரே வரும்; மூன்று வருடத்துக்கு முன் யாரோ எழுதிய பக்குக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. ஸ்குவாஷ் முறையில் (பிராஞ்சின் கமிட்களை ஒன்றாக்கி) மெர்ஜ் செய்தால் ஹேஷ் மாறிவிடும், பிராஞ்சில் இருந்த ஹேஷை எழுதிவைத்தால் பயனில்லை. மெர்ஜ் ஆன பிறகு மெயினில் பார்த்து எழுதுங்கள்.

இம்போர்ட்களை ஃபார்மேட்டர் வரிசைப்படுத்தாது. அதற்கு ஐ என்ற எழுத்தில் தொடங்கும் விதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ரஃப் செக்கைத் திருத்தும் தெரிவோடு ஓட்ட வேண்டும். அதையும் தனி கமிட்டாக வையுங்கள். இம்போர்ட் வரிசையை நம்பி ஓடும் கோடு எங்காவது ஒளிந்திருக்கும், பழைய ரிப்போக்களில் இது அபூர்வம் இல்லை.

4. விதிகளைக் கொஞ்சமாகத் தொடங்குங்கள்

ஆல் என்று எழுதி எல்லா விதிகளையும் போட்டுவிட்டு, பிடிக்காததை ஒவ்வொன்றாக நீக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். சில விதிகள் ஒன்றுக்கொன்று முரணானவை, சில ஃபார்மேட்டரோடு மோதுபவை. அதைவிட, டாக்ஸ்ட்ரிங் (ஃபங்ஷனுக்குள் எழுதும் விளக்கம்) இல்லை என்ற எச்சரிக்கை ஐந்நூறுக்கு நடுவில் வரையறுக்கப்படாத பெயர் என்ற ஒரு எச்சரிக்கை புதைந்துபோகும். அந்த ஒன்றுதான் நிஜமான பக்.

ரஃப் இயல்பாகவே பைஃபிளேக்ஸின் எஃப் விதிகளையும் ஈ விதிகளில் ஒரு பகுதியையும் மட்டும் பார்க்கிறது. அதோடு பி (பக் என்ற சொல்லின் முதல் எழுத்து) என்று தொடங்கும் பக்பேர் விதிகளைச் சேருங்கள். முதல் மாதத்துக்கு அது போதும்.

சேர்க்கும்போது செலக்ட் என்ற அமைப்பில் பி மட்டும் எழுதினால் எஃப்பும் ஈயும் போய்விடும். செலக்ட் இயல்புப் பட்டியலை மாற்றுகிறது. கூட்டுவது எக்ஸ்டெண்ட் செலக்ட். எச்சரிக்கை எண்ணிக்கை திடீரென்று குறைந்ததைப் பார்த்து ஒருவர் மகிழ்ச்சியோடு என்னிடம் காட்டிய சம்பவம் இதனால்தான் நடந்தது. நான் செலக்டில் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதிவிடுவேன். ஃபைலைத் திறந்தவுடன் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

வரி நீளம் பற்றிய ஈ501-ஐ இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஃபார்மேட்டரின் இயல்பு நீளம் 88. அது கோடை உடைக்கும், நீண்ட ஸ்ட்ரிங்கையும் கமெண்டையும் உடைக்காது. ஆகவே மிஞ்சுவதெல்லாம் கையால் உடைக்க வேண்டியவை. அதில் நேரம் போவது எனக்கு வீணாகத்தான் படுகிறது.

5. தானாகத் திருத்துவது: ஒரு விதிக்கு ஒரு கமிட்

இங்கேதான் நான் மாட்டினேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், முதல் நாளே ஃபிக்ஸ் தெரிவோடு மொத்த ரிப்போவிலும் ஓட்டி, டெஸ்ட் பச்சையாக இருக்கிறதே என்று அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, புதிதாகப் பதிவு செய்யும் பயனர்களுக்கு வரவேற்பு மெயில் போகவில்லை என்று புகார் வந்தது. காரணம் எஃப்401, பயன்படாத இம்போர்ட். டிஜாங்கோவின் ஆப்ஸ் ஃபைலில் ரெடி என்ற மெதடுக்குள் சிக்னல்ஸ் மாட்யூலை இம்போர்ட் செய்யும் வழக்கம் உண்டு. இம்போர்ட் நடந்தால்தான் சிக்னல்கள் பதிவாகும். ஆனால் அந்தப் பெயரை வேறெங்கும் யாரும் பயன்படுத்துவதில்லை. லின்டருக்கு அது குப்பை. வரியை நீக்கி, மெதட் காலியாகிவிடக் கூடாதே என்று உள்ளே பாஸ் என்று எழுதியும் வைத்துவிட்டது. நானூறு நீக்கங்களுக்கு நடுவில் அந்த ஒரு பாஸ் என் கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து முறை இதுதான். ஒரு விதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதலில் டிஃப் தெரிவோடு ஓட்டி என்ன மாறப்போகிறது என்று படியுங்கள். பிறகு திருத்துங்கள், டெஸ்ட் ஓட்டுங்கள், விதி எண்ணைச் செய்தியில் எழுதிக் கமிட் செய்யுங்கள். ஏதாவது உடைந்தால் அந்த ஒரு கமிட்டை மட்டும் பின்வாங்கலாம்.

எஃப்401-க்கு மட்டும் கூடுதல் கவனம்: ஆப்ஸ் ஃபைல்கள், பிளகின் பதிவு செய்யும் இடங்கள், மாடல்களை மொத்தமாக இம்போர்ட் செய்யும் ஃபைல்கள். இந்த மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டே திருத்தத்தை ஓட்டுங்கள்.

ரஃப் தன் திருத்தங்களைப் பாதுகாப்பானவை, பாதுகாப்பற்றவை என்று பிரித்துவைத்திருக்கிறது. அன்சேஃப் ஃபிக்ஸஸ் என்று தனியாகக் கேட்டால்தான் இரண்டாவது வகை நடக்கும். மொத்த ரிப்போவில் அதை ஒருபோதும் ஓட்டாதீர்கள். ஏன் என்பதற்கு ஈ711 நல்ல உதாரணம். நன்னோடு (மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் பைத்தான் சொல்) இரட்டைச் சமக்குறி வைத்து ஒப்பிட்டால், இஸ் என்று எழுதச் சொல்லும் விதி அது. சாதாரண கோடில் அது சரி. எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற டேட்டாபேஸ் லைப்ரரியின் ஃபில்டருக்குள் அந்தச் சமக்குறிதான் வினவலாக மாறுகிறது. அங்கே இஸ் என்று மாற்றினால் பைத்தான் அந்த இடத்திலேயே ஒப்பிட்டு, பொய் என்ற மதிப்பை ஃபில்டருக்குக் கொடுத்துவிடும். பிழை எதுவும் வராது. பட்டியல் காலியாக வரும். அங்கே எழுத வேண்டியது அந்த லைப்ரரியின் இஸ் அண்டர்ஸ்கோர் மெதட்.

6. கையால் பார்க்க வேண்டியவை

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். தானாகத் திருந்துபவை பெரும்பாலும் தூசு. நின்று படிக்க வேண்டியவை வேறு.

எஃப்821, வரையறுக்கப்படாத பெயர். முதலில் இதைப் பாருங்கள். அந்த வரி ஓடினால் பெரும்பாலும் நேம்எரர்தான். இவ்வளவு நாள் வெடிக்கவில்லை என்றால் அது எப்போதாவது நுழையும் கிளையில் இருக்கிறது என்று பொருள், அனேகமாகப் பிழையைக் கையாளும் கிளையிலேயே.

எஃப்811, ஒரே பெயரில் இரண்டு வரையறை. டெஸ்ட் ஃபைலில் இது வந்தால் உடனே நில்லுங்கள். நகலெடுத்து ஒட்டியவர் பெயரை மாற்ற மறந்திருப்பார். இரண்டாவது டெஸ்ட் முதலாவதை மூடிவிட்டது, முதலாவது ஓடவே இல்லை. பெயரை மாற்றி ஓட்டிப் பாருங்கள். அது தோற்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

எஃப்841, மதிப்பு கொடுத்துப் பயன்படுத்தாத வேரியபிள். வரியை அழித்துவிட்டுப் போகத்தான் கை பரபரக்கும். அதற்கு முன், இதை யாரோ எதற்கோ கணக்கிட்டிருக்கிறாரே, எங்கே பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். தள்ளுபடி கழித்த தொகையை ஒரு வேரியபிளில் வைத்துவிட்டு, அடுத்த வரியில் பழைய தொகையையே பில்லுக்கு அனுப்பும் கோடை நான் கண்டுபிடித்தது இப்படித்தான். லின்டர் சொன்னது, இந்த வேரியபிள் பயன்படவில்லை என்பது மட்டும். வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி போகவில்லை என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

பி006, ஃபங்ஷனின் இயல்பு மதிப்பாக வெற்று லிஸ்ட் அல்லது டிக்‌ஷனரி. பைத்தான் அந்த இயல்பு மதிப்பை ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறை உருவாக்குகிறது. ஒரு அழைப்பில் அதில் சேர்த்தது அடுத்த அழைப்பிலும் இருக்கும். வெப் சர்வரில் இதன் விளைவு, ஒருவருடைய தகவல் இன்னொருவர் திரையில் வருவது. இயல்பு மதிப்பாக நன் வைத்து, உள்ளே புது லிஸ்ட் உருவாக்குங்கள்.

ஈ722, எந்தப் பிழை என்று சொல்லாத எக்செப்ட். கண்ட்ரோல் சி அழுத்துவதையும் நிரல் வெளியேறுவதையும்கூட இது விழுங்கிவிடும். பலர் செய்யும் தவறு, பக்கத்தில் எக்செப்ஷன் என்று ஒரு சொல்லை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது. எச்சரிக்கை அடங்கும், நோய் அப்படியே இருக்கும். டிரை பிளாக்குக்குள் இருக்கும் வரிகள் என்னென்ன பிழை தரக்கூடும் என்று பார்த்து அதை மட்டும் பிடியுங்கள். நேரம் இல்லையென்றால் குறைந்தது லாக்கில் எழுதுங்கள்.

தமிழ் உரை வைத்திருக்கும் புராஜெக்ட்களுக்கு ஒரு கொசுறு: ரஃப் 001 (ஆங்கிலத்தில் ஒரே ஒரு எஃப்) என்ற விதி, வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள்குறி போன்ற, பார்க்க ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்துகளைக் காட்டும். திரையில் காட்டும் வாக்கியத்தில் வேண்டுமென்றே வைத்திருந்தால், அலவ்டு கன்ஃபியூசபிள்ஸ் பட்டியலில் அந்த எழுத்தைச் சேர்த்துவிடலாம்.

7. விலக்கு கொடுக்கும் முறை

எல்லா எச்சரிக்கையும் சரியாக இருக்காது. மேலே சொன்ன சிக்னல்ஸ் இம்போர்ட் மாதிரி இடங்களில் வரியின் கடைசியில் நோக்யூஏ கமெண்ட் போடுவதுதான் முறை. எண்ணோடு போடுங்கள். வெறும் நோக்யூஏ அந்த வரியின் எல்லா எச்சரிக்கைகளையும் அடக்கிவிடும். நாளை அதே வரியில் வேறு பிழை வந்தாலும் வாய் திறக்காது. எண்ணுக்குப் பிறகு நான்கு சொல்லில் காரணமும் எழுதுங்கள், அடுத்தவர் துணிந்து நீக்கவோ விட்டுவைக்கவோ அது வேண்டும்.

முன்னால் ரஃப் என்று சேர்த்துத் தனி வரியில் எழுதும் நோக்யூஏ வேறு. அது முழு ஃபைலுக்கும் பொருந்தும். ஒரு வரிக்கு என்று நினைத்து இதை எழுதி, ஐந்நூறு வரி ஃபைலையே கண்காணிப்பிலிருந்து எடுத்துவிட்டவர்கள் உண்டு.

கையால் திருத்த வேண்டியவை நிறைய மிஞ்சினால், ஆட் நோக்யூஏ தெரிவு இருக்கும் மீறல்கள் எல்லாவற்றுக்கும் விலக்குக் கமெண்ட் போட்டுவிடும். பழையது தேங்கி நிற்கட்டும், புதியது வரக் கூடாது என்ற ஏற்பாடு. எஃப்821-க்கும் எஃப்811-க்கும் இதைச் செய்யாதீர்கள், அவை எத்தனை இருந்தாலும் இப்போதே பார்க்க வேண்டியவை. தேவையற்றுப்போன விலக்குகளை ரஃப் 100 என்ற விதி பின்னால் காட்டிக்கொடுக்கும். அதைச் சேர்த்துவையுங்கள்.

8. காவல் போடுவது

பழையது சுத்தமாகும் முன் காவல் போட்டால் டீம் எரிச்சலாகி அதைத் தாண்டும் வழியைத்தான் கற்றுக்கொள்ளும். அதனால்தான் இது எட்டாவது.

பிரீ கமிட் என்பது ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் சோதனைகளை ஓட்டும் கருவி. அதில் ரஃப்புக்கு இரண்டு ஹூக் (தானாக ஓடும் சோதனை) உண்டு. திருத்தும் தெரிவோடு லின்ட் முதலில், ஃபார்மேட் பிறகு. லின்ட் திருத்தம் விட்டுச்செல்லும் அலங்கோலத்தை ஃபார்மேட்டர் சரிசெய்யட்டும். மாற்றி வைத்தால் சில கமிட்கள் இரண்டு முறை தடுக்கப்படும். இங்கே எழுதும் ரஃப் பதிப்பும் நீங்கள் முதலில் பூட்டிய பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். வேறாக இருந்தால் எடிட்டர் ஒரு மாதிரி மாற்றும், ஹூக் அதைத் திருப்பி மாற்றும்.

பிரீ கமிட் மட்டும் போதாது. நோ வெரிஃபை என்று ஒரு தெரிவைச் சேர்த்தால் தாண்டிவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர் இன்ஸ்டால் செய்யவே மறந்திருப்பார். சிஐயிலும், அதாவது கோடை அனுப்பியதும் சர்வரில் தானாக நடக்கும் சோதனையிலும், ஓட வேண்டும். அங்கே ரஃப் செக்கைத் திருத்தும் தெரிவு இல்லாமலும், ரஃப் ஃபார்மேட்டை செக் தெரிவோடும் ஓட்டுங்கள். சிஐயில் திருத்தும் தெரிவைப் போட்டால், அது அங்கேயே திருத்தி, எல்லாம் சரி என்று பூஜ்யத்தைத் திருப்பி, திருத்தியதைக் குப்பையில் போட்டுவிடும். பில்டு எப்போதும் பச்சை, ரிப்போ எப்போதும் அழுக்கு. எக்ஸிட் ஜீரோ தெரிவை மறந்து விட்டுவைத்தாலும் இதே கதி. ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே பயன்படாத ஒரு இம்போர்ட்டை வைத்து ஒரு பிராஞ்சை அனுப்பிப் பாருங்கள். சிவப்பாக வேண்டும்.

9. அடுத்த சுற்று

ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு விதிக் குடும்பமாகச் சேர்க்கலாம். பாதுகாப்புக்கு எஸ். டெஸ்ட் ஃபைல்களில் அசர்ட் பயன்படுத்துவதை அது குறை சொல்லும், ஆகவே பர் ஃபைல் இக்னோர்ஸில் டெஸ்ட் ஃபோல்டருக்கு எஸ்101-ஐ விலக்கிவிடுங்கள்.

சிக்கலான ஃபங்ஷன்களைக் காட்டும் சி901-இன் இயல்பு வரம்பு 10. பழைய ரிப்போவில் அதை அப்படியே போட்டால் நல்ல ஃபங்ஷனையும் துண்டுதுண்டாக வெட்டத் தொடங்குவார்கள். இப்போது உங்களிடம் இருக்கும் மிகச் சிக்கலான ஃபங்ஷனின் எண்ணை வரம்பாக வையுங்கள், அதை நிதானமாகப் பிரித்த பிறகு வரம்பை அடுத்த எண்ணுக்கு இறக்குங்கள்.

ரஃப் ஒவ்வொரு ஃபைலையும் தனியாகத்தான் பார்க்கிறது. வேறு ஃபைலில் இருக்கும் ஃபங்ஷனுக்கு எண் கொடுக்க வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் அதற்குத் தெரியாது. அதற்கு மைபை மாதிரி டைப் செக்கர் வேண்டும். அதையும் இதே வரிசையில், முதலில் எண்ணிப் பார்த்து, பணம் புழங்கும் மாட்யூலில் இருந்து தொடங்குங்கள்.

ரஃப் பதிப்பை உயர்த்தும்போது அது மட்டும் உள்ள தனி கமிட்டாக வைத்து, உயர்த்தும் முன்னும் பின்னும் ஸ்டாடிஸ்டிக்ஸ் ஓட்டி இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். புதிதாக முளைத்த விதி எண் இருந்தால், ரஃப் ரூல் என்று எழுதி அந்த எண்ணைக் கொடுத்தால் அதன் விளக்கம் டெர்மினலிலேயே வரும். படித்துவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று டீமில் கேட்டுச் சேருங்கள்.